மாமாவுக்கு ஜன்னலோர சீட்

மெல்பேர்ன் போய்வந்தேன் என்றதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "கங்காரு பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. விமானக் கழிப்பறைக் கதவு ஒன்றைப் பார்த்தேன். அதையும் காலால் முட்டுக்கொடுத்தபடி நின்று பார்த்தேன். ஏன் என்று சொல்கிறேன்... கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.

என் கணவர் ரவியின் தங்கை சுமதி மெல்பேர்னில் இருக்கிறாள். அவளுடைய மகனுக்கு மிருதங்க அரங்கேற்றம். தாய்மாமன் போகாமல் முடியுமா? தாய்மாமன் போனால் மாமி நான் வீட்டில் இருக்கலாமா? பத்தாம் வகுப்பு ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற மகள் அபியைத் தனியே விடலாமா? எல்லோருக்கும் மேலாக, எங்களோடு கொழும்பில், வெள்ளவத்தை ஃபிளாட்டில் வசிக்கும் என் மாமனார். பேரன் வாசிப்பதை அவர் கேட்க வேண்டாமா? ஆக, நான்கு பேர்.

நான்கு பேர் என்றதும் ரவி கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். எழும்பி வந்தபோது லொத்தர்ச் சீட்டு விழுந்த முகம்.

"போட்டாச்சு. நம்பமாட்டீர். அரைவாசி விலை."

மலிவு விமானம். இடையில் ஓர் ஊரில் இறங்கி, காத்திருந்து, வேறு விமானத்தில் ஏறி, மீதி உலகத்தையும் கடக்க வேண்டும்.

"சாப்பாடு?" என்று கேட்டேன்.

"அதுக்கு வேற காசு."

"லக்கேஜ்?"

"அதுக்கும் வேற."

"சீட்?"

"சீட் இல்லாமலோ ஏத்துவாங்கள்? எங்க இருக்கிறதெண்டு நாங்கள் கேக்கேலாது, அவ்வளவுதான். அவங்கள் தாற இடத்தில இருக்கவேணும்."

"நாலு பேரும் ஒண்டா இருக்க வேண்டாமோ?"

"வீட்டில ஒண்டாத்தானே இருக்கிறம்," என்றார் ரவி.

இந்த இடத்தில் மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எண்பதை நெருங்குகிறார். வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காலி வீதிக்குப் பேப்பர் வாங்கப் போனாலும் ஸ்திரி போட்ட முழுக்கைச் சேர்ட்டோடுதான் போவார். சத்தம் போட்டுப் பேசமாட்டார். யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். "பிள்ளை, பேப்பர் வந்திட்டுதோ?" "பிள்ளை, நான் சாப்பிட்டிட்டன்." நான் கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்த பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான். கோபம் ஒன்றுமில்லை. மரியாதை.

கட்டுநாயக்கா விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண் என் கைப்பையைத் தூக்கித் தராசில் வைத்தாள். "மேக்க பர வெடி, மிஸ்," என்றாள் சிங்களத்தில். பாரம் கூடிவிட்டதாம். எல்லோருக்கும் முன்னால் பையைத் திறந்து, சுமதிக்கு எடுத்த சேலை இரண்டை அபியின் கழுத்தில் சுற்றி, ரவியின் ஜாக்கெட் பைக்குள் சார்ஜர்களைத் திணித்து... மாமா மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைத் தெரியாதவர் போல. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கே என்னைத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

முதல் விமானத்தில் எங்களை நாலு மூலைக்கும் விசிறியிருந்தார்கள். முதல்நாள் முழுக்கப் பெட்டி கட்டிய களைப்பில் நான் சீட்டில் விழுந்து நித்திரையாகிவிட்டேன். அந்த நித்திரையில் எதைத் தவறவிட்டேன் என்பது அப்போது தெரியாது.

இறங்கிய விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்கு வெகுநேரம் காத்திருந்தோம். எல்லோருக்கும் தேநீர் வாங்கினேன். மாமா வேண்டாம் என்றார். தண்ணீர்ப் போத்தல் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிப் பக்கத்தில் வைத்தார். திறக்கவில்லை.

"குடியுங்கோ மாமா."

"தாகமில்லைப் பிள்ளை."

"காலமையில இருந்து ஒண்டும் குடிக்கேல்லையே."

"பிறகு குடிக்கிறன்."

ரவி போனிலிருந்து தலையை எடுக்காமலே, "அப்பாவுக்கு வேண்டாமெண்டா விடுமன்," என்றார்.

எனக்குள் எரிச்சல் ஏறத் தொடங்கியது அங்கேதான். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கியது மாமாவுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். தகப்பனும் மகனும் ஒரே அச்சு. ஒருவர் சீட்டுக்குக் காசு கொடுக்கமாட்டார், மற்றவர் தண்ணீருக்கு.

இரண்டாவது விமானம்தான் நீண்டது. ஒரு பகலையே விழுங்குகிற பயணம். இதிலும் ரவி முன்னால், அபி நடுவில், நான் கடைசி வரிசைக்கு முந்தியதில், இரண்டு பெரிய மனிதர்களுக்கு இடையில். மாமாவுக்கு மட்டும் அதிர்ஷ்டம். இறக்கைக்குப் பின்னால் ஜன்னலோர சீட்.

அவருக்குப் பக்கத்தில், நடு சீட்டில், தொப்பி போட்ட தடித்த ஒரு மனிதர். ஓரத்தில் கைக்குழந்தையோடு ஓர் இளம் தாய். நான் பணிப்பெண்ணிடம் போய், வயதானவர், தனியே இருக்கிறார், பக்கத்தில் இடம் மாற்றித் தரமுடியுமா என்று கேட்டேன். முன்னால் கால் நீட்டும் வசதியுள்ள ஒரு வரிசை முழுக்க வெறுமையாகக் கிடந்தது. அது வேண்டுமானால் பணம் கட்டலாம் என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். சரி, அந்த நடு சீட் மனிதரிடமே கேட்டுப் பார்ப்போம் என்று திரும்பினால், மாமா கையைக் காட்டி என்னை மறித்தார்.

"ஆக்களைக் கரைச்சல்படுத்தாதையும். நல்ல சீட் பிள்ளை. வெளியில பாக்கலாம்."

போனேன். வேறென்ன செய்ய?

விமானம் எழும்பியதும் ஓர் அறிவிப்பு. வெளி உணவு கொண்டுவந்து சாப்பிடக் கூடாதாம். அறிவிப்பு முடிவதற்குள் என் வலப்பக்கத்து மனிதர் கடதாசி சுற்றிய ரோல்ஸ் ஒன்றை மடியில் பிரித்தார். இடப்பக்கத்தவர் என் தோளில் தலையை வைத்து நித்திரையானார். குளிர் எலும்பைத் தொட்டது. போர்வை கேட்டேன். அதற்கும் விலை. அபியின் கழுத்திலிருந்த சேலையில் ஒன்றை வாங்கிப் போர்த்திக்கொண்டேன். சுமதி, இதைப் படித்தால் மன்னித்துவிடு. அது நீ அரங்கேற்றத்துக்குக் கட்டிய சேலைதான்.

கொஞ்ச நேரம் கழித்து மாமாவைப் பார்க்கப் போனேன். போத்தல் சீட் பைக்குள் இருந்தது. நிறைந்தபடி.

"குடிக்கிறன். நீர் போய் இரும்," என்றார். மூன்று பேரைத் தாண்டிக் கதைக்க அவருக்குக் கூச்சம். தாய் நித்திரை. குழந்தை அவள் மடியில் குறுக்கே நித்திரை. நடு மனிதரும் கண்ணை இறுக மூடியிருந்தார்.

இரண்டாவது தடவை போனபோதும் போத்தல் அப்படியே. மாமாவின் உதடு வெடித்துக் கிடந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மாமா, இதென்ன பிடிவாதம்?"

என் வாழ்க்கையில் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

ரவியிடம் போனேன். காதில் ஹெட்போன். கழற்றிவிட்டு, "உங்கட அப்பா பச்சைத்தண்ணி வாயில வைக்கேல்லை," என்றேன்.

"அவர் என்ன குழந்தையோ? நீர்தான் சும்மா டென்ஷனாகிறீர்," என்று திரும்பவும் மாட்டிக்கொண்டார்.

அந்த ஹெட்போனை நான் என்ன செய்ய நினைத்தேன் என்று எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

என் சீட்டுக்குத் திரும்பிச் சற்று நேரம்கூட ஆகவில்லை. முன்னால் குழந்தை ஒன்று அழத் தொடங்கியது. மாமா வரிசையிலிருந்த அந்தத் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். அடுத்த கணமே நடு மனிதர் எழும்பினார். அவருக்குப் பின்னால் மாமாவும் அவசரமாக எழும்பினார். அவரது வெள்ளைச் சேர்ட் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு அடி வைத்தார். பிறகு சேர்ட்டைக் காணவில்லை.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அந்தத் தொப்பி மனிதர் மாமாவை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்து, மெல்லத் தரையில் இறக்கிக்கொண்டிருந்தார். மாமாவின் கண் பாதி திறந்திருந்தது. பார்வை இல்லை. கை ஐஸ்.

"மாமா... மாமா..."

ஒரு சத்தமும் இல்லை.

எனக்கு அப்போது ஓடிய எண்ணங்களை இப்போதும் நினைக்க விருப்பமில்லை. அரங்கேற்றம், சுமதி, அவள் வாசலில் காத்துக்கொண்டு நிற்பாள், அவளுக்கு என்ன சொல்வது... நடுவானில் ஒரு மனிதருக்கு ஏதும் ஆகிவிட்டால் எங்கே இறக்குவார்கள்? கீழே முழுக்கக் கடல்.

பணிப்பெண்கள் ஓடிவந்தார்கள். டாக்டர் யாராவது இருக்கிறீர்களா என்று அறிவித்தார்கள். குட்டையாக முடி வெட்டிய ஓர் அம்மா எழும்பி வந்தார். அந்தப் பணம் கட்ட வேண்டிய வெறும் வரிசை இப்போது யாரும் கேட்காமலே திறந்தது. மாமாவை அதில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, ஒக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டே, இவர் கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

 கொழும்பில் குடித்திருக்கலாம்.

ரவி வந்து நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது. "அப்பா... அப்பா..." என்று கூப்பிட்டார். குரல் அவருடையதாகவே இல்லை. அபி பின்னால் நின்று என் கையை நசுக்கினாள்.

மாமா கண்ணைத் திறந்தார். முதலில் கூரையைப் பார்த்தார். பிறகு தன் சேர்ட்டின் மேல் பொத்தான் திறந்திருப்பதைக் கண்டு கையால் மூடப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

காய்ந்துபோயிருக்கிறார், இதயம் நன்றாகத்தான் வேலை செய்கிறது, மெல்ல மெல்லக் குடிக்கக் கொடுங்கள், சுற்றி நிற்காதீர்கள், ஒருவர் மட்டும் கூட இருங்கள் என்றார் டாக்டர்.

"நான் இருக்கிறன்," என்றார் ரவி. "ஏனப்பா குடிக்கேல்லை? அவ அவ்வளவு சொன்னவ..."

மாமா அவரைப் பார்க்கவில்லை. "பிள்ளை இருக்கட்டும்," என்றார்.

ரவி பின்வாங்கினார். பிறகு அபியின் தோளில் கைவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். அந்த நேரத்தில் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

தோடம்பழச் சாற்றை ஒவ்வொரு வாயாகக் கொடுத்தேன். மாமா குவளையில் பாதியைக் குடித்தார். பிறகு, கூரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"முதல் பிளேனில... நான் டொய்லட்டுக்குப் போனனான் பிள்ளை."

"ஓம் மாமா."

"கதவு திறக்கேலாமல் போச்சு."

அந்தக் கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். கைபிடி கிடையாது. தாழ்ப்பாளை நகர்த்தி, நடுவில் இழுத்தால் உள்பக்கமாக மடியும். மாமா கைபிடியைத் தேடியிருக்கிறார். இழுக்க வேண்டியதைத் தள்ளியிருக்கிறார். தள்ளத் தள்ளப் பயம் கூடியிருக்கிறது. கடைசியில் தட்டியிருக்கிறார்.

"வெளியில இருந்து அந்த ஏர்ஹோஸ்டஸ் பிள்ளை திறந்தது. லைன்ல ஒரு பத்துப்பேர் நிக்கினம். எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு காலத்தில் இவர் மேசைக்கு முன்னால் உட்காரவே ஆட்கள் அனுமதி கேட்டு நின்றிருப்பார்கள். வேர்த்துப் போய், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பத்துப்பேரையும் கடந்து வந்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். நான் எங்கோ ஒரு மூலையில் வாயைத் திறந்துகொண்டு நித்திரை.

அந்த இடத்திலேயே அவர் முடிவெடுத்திருக்கிறார். குடித்தால்தானே போக வேண்டும்? குடிக்காவிட்டால்?

"ஆனாலும் பிறகு அடக்கேலாமல் போச்சு. பக்கத்திலையும் எல்லாரும் நித்திரை. எப்பிடி எழுப்புறது?" என்றார். "ரவிக்குச் சொல்லாதையும்."

எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. சீட் பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று செய்துகாட்டினார்கள். கடலில் விழுந்தால் விசில் ஊதுவது எப்படி என்று செய்துகாட்டினார்கள். கடலில் விழுகிறவர் எத்தனை பேர்? டொய்லட்டுக்குப் போகிறவர் எத்தனை பேர்? அந்தக் கதவை எப்படித் திறப்பது என்று ஒருவரும் காட்டவில்லை. வீட்டில் நாங்களாவது காட்டினோமா? பாஸ்போர்ட், இன்சூரன்ஸ், மாத்திரை, ஸ்வெட்டர் எல்லாம் சரிபார்த்தோம். இதை யார் நினைத்தது?

"இப்ப போகவேணுமோ மாமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். போக வேண்டும் என்று அர்த்தம்.

"வாங்கோ. நான் வாறன்."

"நீரோ?"

"கதவைப் பூட்டாதேங்கோ. நான் வெளியில காலை வைச்சுக்கொண்டு நிக்கிறன். ஒருத்தரும் வரமாட்டினம்."

மாமனாரும் மருமகளும் இப்படிக் கதைப்பது எங்கள் வீட்டில் நடக்கிற காரியமில்லை. அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கையை நீட்டினார். பிடித்து எழுப்பினேன்.

கதவை எப்படி மடிப்பது என்று இரண்டு முறை செய்துகாட்டினேன். அவர் ஒருமுறை செய்துபார்த்தார். உள்ளே போனார். பூட்டவில்லை.

"இருட்டாக் கிடக்குப் பிள்ளை," என்றது உள்ளிருந்து குரல்.

பூட்டினால்தான் உள்ளே வெளிச்சம் முழுதாக வரும் போலிருக்கிறது. என் போனில் டோர்ச்சைப் போட்டு இடுக்கு வழியாக நீட்டினேன். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

வெளியில் கதவில் பச்சை நிறம். ஆளில்லை என்று அர்த்தம். ஆளாளுக்கு வந்து தள்ளப் பார்த்தார்கள். ஆள் இருக்கிறது, ஆள் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு, சுமதியின் சேலையைப் போர்த்தபடி, காலை முட்டுக்கொடுத்து நின்றேன். பயணிகள் என்ன நினைத்திருப்பார்களோ. அதைப் பற்றி யோசிக்கிற நிலையைக் கடந்துவிட்டேன்.

"பிள்ளை, நிக்கிறீரோ?"

"நிக்கிறன் மாமா."

கொஞ்ச நேரம் கழித்து, மறுபடியும்.

"நிக்கிறீரோ?"

"ஓம் மாமா. அவசரப்படாதேங்கோ."

அப்போதுதான் அந்தத் தொப்பி மனிதர் நெளிந்துகொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். கொழும்பு கிராண்ட்பாஸில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவராம். மகளைப் பார்க்கப் போகிறாராம். பெயர் பாரூக். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்.

"பெரியவருக்கு இப்ப எப்படி தங்கச்சி?"

"சுகம் நானா. நீங்கள் பிடிச்சிருக்காட்டி..."

"அத விடுங்க. மத்தப் பக்க டொய்லட்லயும் ஆள் ஈக்கி. இவர் வர நேரமாகுமா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அவசரம்.

"நீங்கள் இவ்வளவு நேரமும் போகேல்லையா நானா?"

"எப்படிப் போறது? அந்தப் பொம்புள புள்ளயோட தூங்கிச்சு. எழுப்ப மனசு வரல. அது எழும்பின நேரம் பெரியவர் விழுந்துட்டார், பொறகு வழி முழுக்க ஆள். பிளேன் ஏறினதுல இருந்து தாங்கிக்கிட்டுத்தான் ஈக்கிறேன்."

"மாமா நீங்களும் நித்திரை எண்டு நினைச்சவர். கண்ணை மூடிக்கொண்டு இருந்தீங்கள்."

"அது தூக்கமில்ல தங்கச்சி. அடக்கிக்கிட்டு ஈந்தேன். பெரியவர் பேசாம வெளிய பாத்துக்கிட்டு ஈந்தாரா... அவருக்குக் கஷ்டமே இல்லன்னு நினைச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது; ஆனால் அந்த நிலையில் அவரால் தாராளமாகச் சிரிக்க முடியவில்லை.

குழந்தையோடு போன அந்தத் தாயும் பிறகு இந்தக் கதையைக் கேட்டுத் திகைத்துப்போனாள். தன்னை ஒருமுறை தட்டியிருந்தால் எழும்பியிருப்பாளே, ஏன் தட்டவில்லை என்று கேட்டாள். கேள்வியில் கொஞ்சம் கோபமும் இருந்தது. நியாயமான கோபம்.

ஏன் தட்டவில்லை? நூறாம் நம்பர் பஸ்ஸில் முழங்கையால் இடித்து ஏறுகிற ஊர்க்காரர்கள் நாங்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் இடம்பிடிக்கக் கைக்குட்டையை எறிகிறவர்கள். ஆனால் எங்கள் உடம்புக்கு ஓர் அவசரம் என்று வந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் "கொஞ்சம் விலகுங்கோ" என்று சொல்ல வாய் வராது. வெடித்தாலும் மரியாதையாக வெடிப்போம்.

கடலைத் தாண்டும்வரை மாமா ஒவ்வொரு வாயாகத் தண்ணீர் குடித்தார். இன்னும் இரண்டு தடவை போனோம். மூன்றாவது தடவை அவரே பூட்டினார். உள்ளே வெளிச்சம் வந்தது. நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிறு இடைவெளி... தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு அழகாக மடிந்தது. மாமா வெளியே வந்து, லைனில் நின்றவருக்குத் தலையசைத்து வழிவிட்டார்.

இதை எழுதலாமா என்று மாமாவிடம் கேட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு யோசித்தார். "எழுதும். கதவைப் பற்றி விளக்கமா எழுதும்," என்றார். எழுதிவிட்டேன். வீட்டில் வயதானவர்களைப் பிளேனில் ஏற்றுகிறவர்கள் தயவுசெய்து ஒருமுறை செய்துகாட்டுங்கள்.

மெல்பேர்ன் விமான நிலைய வாசலில் சுமதி ஓடிவந்து தகப்பனைக் கட்டிப்பிடித்தாள்.

"எப்பிடியப்பா பயணம்? களைச்சுப்போனீங்களோ?"

மாமா சேர்ட் கொலரைச் சரிசெய்தார்.

"ஒரு குறையுமில்லை. நல்ல ஜன்னலோர சீட். மருமகள்தான் வழி முழுக்கக் கொஞ்சம் பயந்துபோனா, பாவம்."

ரவி வாயைத் திறந்தார். நான் அவருடைய காலை மிதித்தேன்.

"அண்ணிக்கு இன்னும் பிளேனுக்குப் பயமோ?" சுமதி சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள்.

"ஓம் சுமதி," என்றேன். "இந்தமுறை கொஞ்சம் கூடத்தான்."